வாய்ப்பூட்டை உடைத்த கிழவர்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று அமெரிக்க நாட்டின் பழைய ராஜதந்திரி ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலையார் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். வாஷிங்டனைப் பற்றிப் பேசலாம்; ஜெபர்ஸனைப் பற்றிப் பேசலாம். அவர்கள் பெயரெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. நான் பேசப் போவது நம் பக்கத்தில் அவ்வளவாகப் பெயர் அடிபடாத ஒருவரைப் பற்றியாகும். அவர் பெயர் ஜான் குவின்சி ஆடம்ஸ். அவர் அந்நாட்டின் ஆறாவது ஜனாதிபதி. ஆனால் அவர் ஜனாதிபதியாய் இருந்ததற்காக நான் அவரைப் பற்றிப் பேச வரவில்லை. அந்த வேலை போன பிறகு அவர் செய்த காரியத்திற்காகவே பேச வந்திருக்கிறேன்.

பெரிய உத்தியோகத்திலிருந்து இறங்கினவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? வீட்டில் உட்கார்ந்து கொண்டு பழைய பெருமை பேசுவார்கள். அல்லது இழந்த உத்தியோகத்தை எப்படித் திரும்பப் பிடிப்பது என்று சூழ்ச்சி செய்வார்கள். இந்த மனிதரோ நாட்டின் தலைமைப் பதவியிலிருந்து தோற்று இறங்கிய பின், பிரதிநிதிகள் சபையில் ஒரு சாதாரண அங்கத்தினராகப் போய் உட்கார்ந்தார். அப்படி 17 வருஷ காலம் உட்கார்ந்து, சாகிற நாள் வரை சண்டை போட்டார். எதற்காகச் சண்டை என்றால், எளியவர்கள் கொடுக்கும் மனுவைச் சபை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. கேட்பதற்கு இது ஒரு சிறு காரியமாகத் தோன்றும். சிறு காரியமா, பெரிய காரியமா என்பதை நான் சொல்லி முடித்த பிறகு நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

உத்தியோகக் காலம்

ஆடம்ஸ் 1767-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் ஜான் ஆடம்ஸ் அந்நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. ஆகவே இவர் ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. 14 வயதிலேயே ருஷ்யாவுக்குப் போன அமெரிக்கத் தூதருக்குக் காரியதரிசியாகச் சென்றவர். பிறகு ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்து வக்கீலானார். 1794-ல் வாஷிங்டன் இவரை ஹாலந்துக்குத் தூதராக அனுப்பினார். அப்புறம் பிரஷ்யா, ருஷ்யா, இங்கிலாந்து ஆகிய தேசங்களிலும் தூதர். 1814-ல் இங்கிலாந்தோடு நடந்த யுத்தத்தை முடித்து வைத்த கெண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1817 முதல் 1825 வரை வெளிநாட்டு மந்திரி. ஸ்பெயினிடமிருந்து பிளாரிடாவை வாங்கிய 1819-ம் வருஷத்து உடன்படிக்கை இவர் பேசி முடித்தது. ஐரோப்பிய அரசர்கள் இனி அமெரிக்கக் கண்டத்தில் புதிதாகக் குடியேற்ற நாடு பிடிக்கக் கூடாது என்று 1823-ல் ஜனாதிபதி மன்றோ பெயரால் வெளியான கொள்கையிலும் இவருடைய மூளை பெரும் பங்கு வேலை செய்திருக்கிறது.

1824-ல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். தேர்வாளர் ஓட்டில் ஜாக்ஸனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராபோர்டுக்கு 41, கிளேக்கு 37 கிடைத்தன. ஒருவருக்கும் மெஜாரிட்டி இல்லாததால் அந்நாட்டுச் சட்டப்படி விஷயம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சபை 1825 பிப்ரவரியில் ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. கிளே தம் செல்வாக்கை ஆடம்ஸ் பக்கம் திருப்பினார். ஆடம்ஸ் அவரையே வெளிநாட்டு மந்திரியாக்கினார். உடனே எதிரிகள், "இது பேரம்" என்று கூச்சல் போட்டார்கள். பேரம் நடந்ததற்கு ருஜு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கறை அவரை விடவில்லை.

பதவி ஏற்ற அன்று நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்நாட்டில் ஜனாதிபதியாக வருகிறவர்கள் பைபிளைத் தொட்டுப் பிரமாணம் செய்வதே பெரும்பாலும் வழக்கம். ஆடம்ஸோ சட்டப் புத்தகம் ஒன்றை வைத்துப் பிரமாணம் செய்தார். இதைக் கேட்டவுடன், "ஓகோ, அவரும் நாஸ்திகர் போலிருக்கிறது" என்று சிலர் சந்தோஷப்படலாம். அப்படியல்ல. அவர் தினந்தோறும் பைபிள் படித்த பக்தர். அவருடைய நம்பிக்கை அவரோடு இருந்தது. ஆனால் தாம் காப்பாற்றப் போவது சட்டத்தை ஆகையால், சட்டத்தின் மேலேயே பிரமாணம் செய்தார். பக்தரானாலும் யோக்கியர் இப்படித்தான் நடப்பார் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அவர் ஜனாதிபதியாக இருந்து சாதித்தது கொஞ்சமே. நாடு முழுவதற்கும் ஒரு சர்வகலாசாலை வேண்டும், நட்சத்திரங்களை ஆராயும் நிலையம் வேண்டும், ரோடும் கால்வாயும் வெட்ட வேண்டும் என்று சர்க்காரின் திட்டமாகவே சொன்னார். சபையார் அவற்றில் பலவற்றைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். 1828-ம் வருஷத் தேர்தலில் ஜாக்ஸனிடம் 178-க்கு 83 என்ற கணக்கில் தோற்றுப் போனார்.

அதிகாரம் இருந்தபோது

தோழர்களே! ஒருவரைப் புகழ வந்தால் குற்றத்தை மறைத்துப் பேசுவது பக்தர்களுக்குரிய வேலை. நமக்கு அது வேண்டாம். ஆகவே இவருடைய குற்றத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறேன்.

அந்நாட்டின் முதல் ஏழு ஜனாதிபதிகளில் ஐந்து பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். வைத்துக் கொள்ளாதவர்கள் ஆடம்ஸும் அவர் தகப்பனாரும் மாத்திரமே. அடிமை முறை அக்கிரமம் என்று ஆடம்ஸுக்கு நன்றாகத் தெரியும். 1820-ல் மிஸூரி மாகாணத்தில் அடிமை முறை இருக்கலாமா என்ற பெரிய வழக்கு வந்தபோது, தம்முடைய தினக்குறிப்பில் அடிமை முறையை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆனால் வெளியில், மந்திரி என்ற முறையில், எஜமானர்களோடு செய்து கொண்ட சமரசத்தை ஆதரித்தார். அது மாத்திரமா? யுத்த காலத்தில் இங்கிலீஷ்காரர் பக்கம் ஓடிப் போய் விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு வேண்டும் என்று மந்திரியாக இருந்து வாதாடினார். இவர் ஜனாதிபதியாக இருந்த 1826-ல் இங்கிலாந்து 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக் கொண்டது. விடுதலைக்கு ஓடிய மனிதனின் விலையை ஓட்டியவனுக்கே வாங்கிக் கொடுத்தார் என்பதுதானே இதன் பொருள்?

ஆகவே அதிகாரம் கையில் இருந்தபோது அவருடைய மனச்சாட்சி தினக்குறிப்புக்குள் பூட்டிக் கிடந்தது. அதிகாரம் போன பிறகுதான் அது வெளியே வந்தது. அவருடைய வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் இதுதான்.

சாதாரண அங்கத்தினர்

1830-ல் அவர் ஊர்ப் பக்கத்து ஜனங்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். "ஜனாதிபதியாக இருந்தவர் இந்தச் சிறு வேலைக்குப் போவதா?" என்று சிலர் கேட்டார்கள். ஜனங்களுக்கு ஊழியம் செய்வதில் தாழ்வு ஒன்றுமில்லை என்பதே அவர் எண்ணம். 1831 டிசம்பரில் 64-வது வயதில் சபைக்குள் நுழைந்தார். நுழைந்த மாதத்திலேயே பென்ஸில்வேனியா ஜனங்கள் அனுப்பிய 15 மனுக்களைக் கொடுத்தார். தலைநகரமான வாஷிங்டன் வட்டாரத்தில் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பது அம்மனுக்களின் கோரிக்கை.

இங்கே அந்நாட்டுச் சட்டத்திலிருந்த ஒரு தந்திரத்தை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் ஒரு மாகாணத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும்போது மாத்திரம், 5 அடிமைகளை 3 பேராகச் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று 1787-ல் எழுதிய அரசியல் சட்டம் சொல்லிற்று. இதனால் யாருக்கு லாபம்? அடிமைக்கா? இல்லை. அவன் தலையை எண்ணி அவனுடைய எஜமானன் சபையில் அதிக ஸ்தானங்களைப் பிடித்துக் கொண்டான். அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்து கொண்டு அவனையே கட்டி வைக்கச் சட்டம் செய்தான். எண்ணிக்கைக்கு மனிதன், உரிமைக்குச் சொத்து! இதைவிடப் பெரிய புரட்டு வேறு உண்டா?

வாய்ப்பூட்டு விதி

அடிமை முறையை எதிர்த்து வருஷா வருஷம் மனுக்கள் பெருகின. வக்கீல்கள், பாதிரிகள், குடியானவர்கள், தொழிலாளிகள், முக்கியமாகப் பெண்கள் கையெழுத்திட்டார்கள். பெண்களுக்கு அப்போது ஓட்டில்லை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே. எஜமானர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1836 மே 26-ந் தேதி சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்கள். அடிமை முறையைப் பற்றிய மனு எதுவானாலும் அச்சிடாமல், கமிட்டிக்கு அனுப்பாமல், விவாதம் இல்லாமல் மூலையில் போட்டு விட வேண்டும் என்பதே அத்தீர்மானம். 117-க்கு 68 ஓட்டில் நிறைவேறிற்று. ஓட்டுக்காகத் தம் பெயரைக் கூப்பிட்டபோது ஆடம்ஸ் எழுந்து, இது அரசியல் சட்டத்துக்கும், சபையின் விதிகளுக்கும், தம்மை அனுப்பிய ஜனங்களின் உரிமைக்கும் நேர் விரோதம் என்று சொன்னார். உட்காரும்படி நாலா பக்கமும் கத்தினார்கள். இதற்கு "வாய்ப்பூட்டு விதி" என்றே அந்நாட்டில் பெயர் வழங்கிற்று.

எஜமானர்கள் ஏன் மனுவுக்கு இவ்வளவு பயந்தார்கள்? சபையில் மெஜாரிட்டி அவர்கள் பக்கம். மனுவை வாங்கி, படித்து, "முடியாது" என்று தள்ளியிருக்கலாமே! அங்கேதான் இருக்கிறது விஷயம். படித்தால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல நியாயம் வேண்டும். நியாயம் இல்லாதவன் கேள்வியே கேட்கக் கூடாது என்று தடுக்கிறான். எந்த அக்கிரமமும் தன்னைப் பற்றிப் பேச்சு எழாத வரையில்தான் பத்திரமாக இருக்கும்.

ஆடம்ஸ் விடவில்லை. அந்த விதியை ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் புதிதாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆகவே தொடர் ஆரம்பித்தவுடன், விதி வருவதற்குள், கட்டுக் கட்டாக மனுக்களைக் கொண்டு வந்து வைப்பார். விதி வந்த பிறகும், "இம்மனு அவ்விதிக்குள் வருமா, வராதா என்று தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று கேட்டு, அதற்குள் மனுவில் உள்ளதைச் சொல்லி விடுவார். சபையில் மறித்தார்கள். நாட்டில் என்ன ஆயிற்று? அடுத்த இரண்டொரு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. மனுவைத் தடுக்கப் போட்ட பூட்டே மனுவைப் பெருக்கிற்று. அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வெள்ளைக்காரர்கள் கூட, "நம் மனு உரிமை போகிறதே" என்று விழித்துக் கொண்டார்கள்.

1837 பிப்ரவரி 6-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. 22 அடிமைகள் கையெழுத்திட்டதாக ஒரு மனு வந்திருக்கிறது, அதைக் கொடுக்கலாமா என்று ஆடம்ஸ் கேட்டார். அவ்வளவுதான்! சபை கொதித்து எழுந்தது. இவரைக் கண்டிக்க வேண்டும், வெளியே தள்ள வேண்டும் என்று கத்தினார்கள். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, "அம்மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லையே, அது உங்களுக்குச் சாதகமாக அல்லவோ எழுதப்பட்டிருக்கிறது!" என்ற பொருளில் சொன்னார். சபை வெட்கிப் போயிற்று. கண்டனம் விழுந்து விட்டது. ஆனால் வெட்கத்தால் புத்தி வரவில்லை. அடிமைகளுக்கு மனுக் கொடுக்கும் உரிமையே கிடையாது என்று வேறொரு தீர்மானம் செய்து விட்டார்கள். துருக்கி சுல்தான் கூடத் தெருவில் போகும்போது ஏழையின் மனுவைத் தள்ள மாட்டானே என்று ஆடம்ஸ் இடித்துக் காட்டினார். மன்றாடிக் கேட்பது சட்டம் கொடுத்த வரம் அல்ல, மனிதனாகப் பிறந்ததனாலேயே உள்ள உரிமை என்பது அவர் வாதம்.

1838-ல் ஒரு அங்கத்தினர், பெண்கள் வீட்டு வேலையை விட்டு ராஜ்ய விஷயத்தில் மனுப் போடுவது அவர்களுக்கு இழிவு என்றார். ஆடம்ஸ் பல நாள் தொடர்ந்து பேசி அதற்குப் பதில் சொன்னார். சரித்திரத்திலிருந்தும் பைபிளிலிருந்தும் பெண்களின் உதாரணங்களை அடுக்கினார். இதில் நீங்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அடிமை முறைக்கு ஆதாரம் காட்டிய எஜமானர்களும் அதே பைபிளைத்தான் காட்டினார்கள். இருவருக்கும் ஒரே புத்தகம்! ஆகையால் நியாயம் புத்தகத்தில் இல்லை, படிக்கிறவனுடைய அறிவிலும் நேர்மையிலும்தான் இருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

கோர்ட்டில்

1840-ல் வாய்ப்பூட்டை 114-க்கு 108 என்ற சிறு வித்தியாசத்தில் நிரந்தர விதியாக்கினார்கள். அதே சமயத்தில் இன்னொரு வழக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் திருடிப் பிடிக்கப்பட்டு கியூபாவில் விற்கப்பட்டவர்கள் 1839-ல் அமிஸ்டாட் என்ற கப்பலில் போகும்போது எழுந்து கப்பலைக் கைப்பற்றினார்கள். ஆப்பிரிக்காவுக்குத் திருப்பும்படி உத்தரவிட்டால், ஸ்பானியர்கள் இரவில் வடக்கே ஓட்டி அமெரிக்கக் கரைக்குக் கொண்டு வந்து விட்டார்கள். அவர்களைச் சிறையில் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் விடுதலை கிடைத்தும், அமெரிக்க சர்க்காரே ஸ்பெயினுக்காக அப்பீல் செய்தது.

ஆடம்ஸுக்கு அப்போது 73 வயது. சுப்ரீம் கோர்ட்டில் வாதாடி 30 வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் ஒப்புக் கொண்டு, 1841 பிப்ரவரி 24-ந் தேதி நாலு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கோர்ட்டுச் சுவரில் தொங்கிய சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டி, இதைத் தவிர இவர்களுக்குப் பொருந்தும் சட்டம் வேறு எனக்குத் தெரியாது என்ற கருத்தில் வாதாடினார். மார்ச்சு 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. அவர்கள் சட்ட விரோதமாகக் கடத்தப்பட்ட சுதந்திர மனிதர்கள் என்று கோர்ட்டு விடுதலை செய்தது. உயிரோடிருந்த 35 பேர், பொது மக்கள் சேர்த்த பணத்தில் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். சர்க்கார் ஒரு காசு கொடுக்கவில்லை.

பூட்டு உடைந்தது

1842 ஜனவரியில் அவரை ஒழித்துக் கட்ட எதிரிகளுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஹேவர்ஹில் என்ற ஊரிலிருந்து 46 பேர், ஐக்கிய நாட்டையே பிரித்து விட வேண்டும் என்று மனு அனுப்பினார்கள். ஆடம்ஸுக்கு அதில் சம்மதமில்லை. ஏன் அம்மனுவை ஏற்கக் கூடாது என்று காரணம் காட்டிப் பதில் எழுத ஒரு கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றே கேட்டார். தமக்குப் பிடிக்காத மனுவையும் வாங்க வேண்டும் என்றவர் அவர். தனக்கு வேண்டியவனுடைய பேச்சுக்கு மாத்திரம் சுதந்திரம் கேட்பவன் சுதந்திரக்காரனல்ல. எதிரிகள், "இது ராஜத்துரோகம்" என்று கண்டனத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். கிழவர் அசையவில்லை. முதலில் சுதந்திரப் பிரகடனத்தைப் படிக்கும்படி சபைக் குமாஸ்தாவைக் கேட்டார். அநீதியான சர்க்காரை மாற்றும் உரிமை ஜனங்களுக்கு உண்டு என்று அதிலேயே இருக்கிறதே! இப்படியே இரண்டு வாரம் தம் கட்சியை எடுத்துப் பேசினார். இன்னும் ஒரு வாரம் பேச விஷயம் இருக்கிறது என்றார். களைத்துப் போன சபை பிப்ரவரி 7-ந் தேதி 106-க்கு 93 ஓட்டில் கண்டனத்தைக் கைவிட்டது.

கடைசியாக 1844 டிசம்பர் 3-ந் தேதி, வாய்ப்பூட்டு விதியை எடுத்து விட வேண்டும் என்று ஆடம்ஸ் கொண்டு வந்த தீர்மானம் 108-க்கு 80 ஓட்டில் நிறைவேறியது. எட்டரை வருஷப் போராட்டம். அப்போது அவருக்கு வயது 77.

இடையில் மற்றொரு வேலையும் செய்தார். ஸ்மித்ஸன் என்ற இங்கிலீஷ்காரர் அறிவைப் பெருக்குவதற்கென்று ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அமெரிக்காவுக்கு எழுதி வைத்திருந்தார். சர்க்கார் அப்பணத்தைச் சில மாகாணங்களின் கடன் பத்திரங்களில் போட்டு முடக்கி விட்டது. மூலதனத்தில் ஒரு காசு குறையாமல் சர்க்கார் ஈடு கட்ட வேண்டும் என்று ஆடம்ஸ் விடாப்பிடியாக நின்றார். 1846-ல் ஏற்பட்ட ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனம் இன்றும் இருக்கிறது.

முடிவும் பலனும்

1848 பிப்ரவரி 21-ந் தேதி சபையில் தம் ஆசனத்திலேயே மயங்கிச் சாய்ந்தார். வெளியே கொண்டு போக முடியாமல் சபைத் தலைவர் அறையில் படுக்க வைத்தார்கள். 23-ந் தேதி இறந்தார். அச்சமயம் அச்சபையில் இல்லினாய்ஸ் மாகாணத்திலிருந்து புதிதாக வந்த ஒரு அங்கத்தினர் இருந்தார். அவர் பெயர் ஆப்ரகாம் லிங்கன். யுத்தம் வந்தால், யுத்த அதிகாரத்தைக் கொண்டு அடிமைகளை விடுதலை செய்ய சர்க்காருக்கு உரிமை உண்டு என்று ஆடம்ஸ் சபையில் பல முறை சொல்லியிருந்தார். 1863 ஜனவரி 1-ந் தேதி லிங்கன் அந்த அதிகாரத்தைக் கொண்டே விடுதலைப் பிரகடனம் செய்தார். அதற்கு முன், 1862 ஏப்ரலில், தலைநகர வட்டாரத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு 3,000-க்கு மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். 1831-ல் அந்த 15 மனுக்கள் கேட்டது இதைத்தான். 30 வருஷம் கழித்துப் பதில் வந்தது! அப்போதும் நஷ்ட ஈட்டுப் பணம் எஜமானர்களுக்கே போயிற்று. உழைத்தவனுக்கு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆடம்ஸ் முழு அடிமை ஒழிப்புக்காரர் அல்லர். தாம் கொடுத்த மனுக்கள் கேட்டபடி உடனே ஒழிப்பதற்கு அவர் ஆரம்பத்தில் சம்மதிக்கக் கூட இல்லை. ஆகவே அவரை ஒரு மகாத்மாவாக்கிப் படம் வைத்துப் பூப்போட வேண்டியதில்லை. அடிமை முறையை ஒழித்தவர்களில் கப்பலில் எழுந்து நின்ற ஆப்பிரிக்கர்களும், தப்பி ஓடியவர்களும், ஓட்டில்லாமலே கையெழுத்திட்ட பெண்களும் உண்டு. ஆடம்ஸ் செய்தது, அவர்கள் குரல் உள்ளே வரும்படி கதவில் காலை வைத்துக் கொண்டு நின்றது. பலர் சேர்ந்து மூடப் பார்த்தும் காலை எடுக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அது சிறிய காரியமா?

ஒரு குறையைத் தீர்ப்பதற்கு முன் அந்தக் குறையைச் சொல்ல இடம் வேண்டும். சொல்ல இடமில்லாதவனுக்குச் சட்டத்தில் எத்தனை உரிமை எழுதி வைத்தும் பிரயோஜனமில்லை. "உன் குறை தப்பு" என்று சொல்பவனோடு வாதாடலாம். "உனக்குக் குறை சொல்லவே யோக்கியதை இல்லை" என்பவனோடுதான் முதலில் போராட வேண்டும். இன்னொன்று: பதவி வந்தால் செய்கிறேன் என்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இம்மனிதர் பதவியில் இருந்தபோது வாய் திறக்கவில்லை. பதவி போய், அறுபத்து நாலு வயதில், வெறும் வாயோடு வந்துதான் காரியம் செய்தார்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை நீங்கள் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. இவ்வாசகசாலையில் சரித்திரப் புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துப் படியுங்கள், ஒருவருக்கொருவர் விவாதியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.